மூன்று கம்பெனிக்கு ஒரே தொண்டை

கும்பகோணத்தில் ஒரு சின்ன கால் சென்டரில் இரண்டு வருடம் நைட் ஷிஃப்ட் பார்த்தேன், பெயர் வேண்டாம். பகலில் ஒவ்வொரு போன் கம்பெனிக்கும் தனித்தனி ஆட்கள் இருப்பார்கள். ராத்திரி நாங்கள் மூன்றே பேர் என்பதால் மூன்று கம்பெனி அழைப்பும் ஒரே ஹெட்செட்டில் வந்து விழும். "எந்தக் கம்பெனிக்கு வந்த கால்னு உனக்கு எப்படிடி தெரியும்?" என்று பெரியம்மா கேட்டுக்கொண்டே இருப்பார். அவர் மாயவரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் ஆபரேட்டராக இருந்தவர். அந்தக் காலத்தில் ஒரே டிபார்ட்மென்ட், அழைப்பு எவ்வளவு அவசரம், ஆர்டினரியா, அர்ஜென்ட்டா, லைட்னிங்கா என்று கேட்டால் போதும்.

கூப்பிடுபவர் எந்த 1800 எண்ணை அழுத்தினாரோ அந்த எண்ணும் அழைப்போடு கூடவே வரும், அதை வைத்துக் கம்ப்யூட்டர் அந்தக் கம்பெனியின் திரையைத் திறந்துவிடும். அதற்குச் சற்று முன்னால் என் காதில் மட்டும் ஒரு குரல் கம்பெனி பெயரைக் கிசுகிசுக்கும். அப்படியும் ஒரு விடிகாலை தூக்கக் கலக்கத்தில் வேறு கம்பெனி பெயரில் வணக்கம் சொல்லித் தொலைத்தேன், அந்த மாத இன்சென்டிவ் போயிற்று. அப்புறம் எங்கள் வணக்கங்களை எங்கள் குரலிலேயே பதிவு செய்து, சரியானது தானாக ஒலிக்கும்படி வைத்துவிட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நாமே உற்சாகமாகப் பேசுவதை நாமே கேட்பது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும்.

பெயரை மாற்றிச் சொல்வதைவிடக் கஷ்டம், தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது. ஒரு கம்பெனியின் லைனில் இருக்கும்போது மற்றதைப் பற்றி மூச்சு விடக்கூடாது. 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க எண்ணை மாற்றாமலே கம்பெனி மாறலாம் என்று ஆனதால், அந்த மாதிரிக் கேள்விகள்தான் நிறைய வரும்.

பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார். த்ரீ ஃபேஸ் கரண்டுக்காகப் பம்ப்செட் கொட்டகையில் விழித்திருக்கிறாராம். கம்பெனி மாற 1900-க்கு போர்ட் மெசேஜ் அனுப்பியும் ஏன் ஏற்கவில்லை என்றார். சிம் வாங்கி 90 நாள் ஆகவில்லை என்பதைச் சொன்னேன். "சரிம்மா, அந்த இன்னொரு கம்பெனி சிக்னல் எங்க ஊர்ல எடுக்குமா?" என்றார். அதே ஊரிலிருந்து அந்தக் கம்பெனியின் டவர் பற்றி அன்று வந்த இரண்டு புகார்களை நானேதான் எழுதியிருந்தேன். "அந்தத் தகவல் எங்களிடம் இல்லைங்க ஐயா" என்றேன்.

ஐந்து நிமிடத்தில் அடுத்த அழைப்பு. வேறு திரை, என் வணக்கம் வேறு பெயரில் உற்சாகமாக ஓடி முடிந்தது. எதிர்முனையில் கொஞ்ச நேரம் மோட்டார் சத்தம் மட்டும்.

"நீதானேம்மா இப்ப பேசுனது?"

ஸ்கிரிப்ட்டில் அதற்குப் பதில் இல்லை. "ஆமாங்கய்யா" என்றேன்.