ஐடிலில் குலுங்கும் 22ஆர்இ: 1990 டொயோட்டா பிக்கப்பில் பார்த்ததும் சரிசெய்ததும்

வண்டி 1990 டொயோட்டா பிக்கப், வட அமெரிக்க மாடல், மேனுவல் கியர். இன்ஜின் 22ஆர்இ: நான்கு சிலிண்டர், 2366 சிசி, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரளவு சீராக ஓடும். சூடேறிய பிறகு ஐடில் (ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகம்) 550க்கும் 800 ஆர்பிஎம்முக்கும் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) நடுவே ஏறி இறங்கும், கியர் லிவர் ஆடும். ஆக்சிலரேட்டரைத் தொட்டு 1500 தாண்டினால் குலுக்கல் போய்விடும். மேனுவல் வண்டிக்குச் சரியான ஐடில் 750.

சூடானபின் மட்டும் குலுங்குவதே முதல் துப்பு. இன்ஜின் ஆறியிருக்கும்போது ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கூடுதலாகப் பெட்ரோல் விடும். எங்காவது காற்றுக் கசிவு இருந்தாலும் அது மறைந்துவிடும். சூடேறி பெட்ரோல் அளவு குறைந்ததும் வெளியே தெரியும்.

த்ராட்டில் பாடியின் (ஆக்சிலரேட்டருக்கு ஏற்ப இன்ஜினுக்குள் காற்று விடும் பகுதி) மேலே உள்ள ஐடில் ஸ்க்ரூவில் இந்தக் கட்டத்தில் கை வைக்கவே கூடாது. அதைத் திறந்துவிட்டால் ஆர்பிஎம் ஏறும், குலுக்கல் குறைந்த மாதிரி இருக்கும், உண்மையான கோளாறு இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்ளும். அது கடைசி வேலை.

டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஇ1, இ1 என்ற இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்து இக்னிஷனை ஆன் செய்ததில், செக் இன்ஜின் விளக்கு இடைவிடாமல் சீராக மின்னியது. அதாவது ஈசியூவில் கோளாறு எண் (code) எதுவும் பதிவாகவில்லை. அதனால் காற்றுக் கசிவும் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்தது ஆயில் மூடி சோதனை. இதற்கு ஒரு கருவியும் வேண்டாம். இந்த இன்ஜினில் உள்ளே போகும் காற்றை ஏர் ஃப்ளோ மீட்டரின் மடல்தான் அளக்கிறது. மீட்டரைத் தாண்டி உள்ளே நுழையும் காற்று கணக்கில் வராது. அதற்கான பெட்ரோலும் வராது. ஆயில் மூடியைத் திறந்தால் பிசிவி குழாய் (இன்ஜின் அடியில் சேரும் ஆவியை மறுபடி இன்டேக்குக்கு இழுக்கும் குழாய்) வழியாக அப்படிக் கணக்கில் வராத காற்று புகும். நல்ல நிலையில் உள்ள 22ஆர்இ உடனே தடுமாறும், அணைந்தும் போகலாம். இந்த வண்டியில் மூடியைத் திறந்தும் பெரிய மாற்றம் இல்லை. ஏற்கெனவே வேறெங்கோ பெரிய கசிவு இருக்கிறது என்று பொருள்.

வேக்கம் கேஜை (உறிஞ்சு அழுத்தத்தை பாதரச அங்குலத்தில் காட்டும் மீட்டர்) இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்) மாட்டியதும் 14 அங்குலம் காட்டியது. கடல்மட்டத்தில் நல்ல இன்ஜினுக்கு 17 முதல் 21 வரை, முள் ஆடாமல் நிற்க வேண்டும். ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் கழித்துக்கொள்ளலாம். இங்கே அளவு குறைவு என்பதோடு, முள் ஒரே சீரான இடைவெளியில் சொடுக்கிக்கொண்டும் இருந்தது. கேஜ் குறைவாகக் காட்டுவது காற்றுக் கசிவின் அடையாளம். சொடுக்கு ஏதோ ஒரு சிலிண்டரின் வால்வைக் காட்டும். இரண்டையும் ஒரே கோளாறாக நினைத்துத் தேடினால் பாதியில் நின்றுவிட நேரும்.

கசிவு கிடைத்தது ஏர் ஃப்ளோ மீட்டரிலிருந்து த்ராட்டில் பாடிக்குப் போகும் மடிப்பு ரப்பர் ஹோஸில். மேலிருந்து பார்த்தால் புதுசு போலத்தான் இருந்தது. கழற்றி மடிப்புகளைக் கையால் விரித்துப் பார்த்தபோது அடிப்பக்கத்தில் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே சுமார் 4 செ.மீ. நீள வெடிப்பு. இன்ஜின் குலுங்கும்போதெல்லாம் அது திறந்து மூடும். ஐடில் ஏறி இறங்கியதற்கு அதுதான் காரணம். டேப் சுற்றிச் சோதித்துப் பார்க்கலாம், ஆனால் டேப் நிலைக்காது. ஹோஸை மாற்றி இரண்டு கிளிப்புகளையும் இறுக்கியாயிற்று. விரைத்துப்போன சின்ன வேக்கம் ஹோஸ்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, கழற்றிய இடத்திலேயே புதியதை மாட்ட வேண்டும்; மொத்தமாகக் கழற்றினால் எது எங்கே என்று குழம்பும். இன்ஜெக்டர் சீல்களையும் மேனிஃபோல்டு கேஸ்கெட்டையும் சோதிக்க ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் போதும். கார்ப் கிளீனர் (கார்புரேட்டர் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) நன்றாகக் காட்டிக்கொடுக்கும், ஆனால் சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் தீப்பிடிக்கும்.

இப்போது கேஜ் 17. ஆயில் மூடியைத் திறந்தால் இன்ஜின் தடுமாறுகிறது. சொடுக்கு மட்டும் அப்படியே.

பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றி, அதன் முனையில் உதிரி பிளக் ஒன்றைச் செருகி இன்ஜின் உலோகத்தில் எர்த் செய்து பார்த்தேன். வயரைச் சும்மா தொங்கவிட்டால் இக்னைட்டர் (பிளக் பொறியை இயக்கும் மின்னணுப் பெட்டி) கெடும். அதிக நேரமும் ஓட்டக் கூடாது, எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குப் போகும். 1, 3, 4 மூன்றிலும் ஏறக்குறைய 100 ஆர்பிஎம் விழுந்தது. 2இல் 30கூட விழவில்லை. 2இன் பிளக்கையும் வயரையும் 1க்கு மாற்றியும் பலவீனம் 2ஐ விட்டுப் போகவில்லை. ஆக இக்னிஷன் குற்றமில்லை. நீள ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்டால் நான்கு இன்ஜெக்டரும் ஒரே மாதிரி டிக் டிக் என்கின்றன.

கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் அமுக்கும் அழுத்தம்), சூடான இன்ஜினில், த்ராட்டிலை முழுக்கத் திறந்து, 1 முதல் 4 வரை: 164, 139, 162, 160 பிஎஸ்ஐ. கம்பெனி கணக்கில் நல்ல அளவு 171, குறைந்தபட்சம் 142, சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 14க்குள். 2இல் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தும் அளவு ஏறவில்லை. ரிங் தேய்ந்திருந்தால் ஏறியிருக்கும், எனவே வால்வு.

டேப்பெட் கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதை அமுக்கும் கைக்கும் நடுவே உள்ள இடைவெளி) இந்த இன்ஜினில் சூட்டோடு பார்ப்பது: இன்டேக் 0.20 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ. முதல் சிலிண்டரின் பிஸ்டன் கம்ப்ரெஷனில் உச்சியில் நிற்கும்போது பார்க்க வேண்டியவை 1இன் இரண்டு வால்வுகள், 2இன் இன்டேக், 3இன் எக்ஸாஸ்ட். கிராங்கை முழுதாக ஒரு சுற்று சுற்றிவிட்டு 2இன் எக்ஸாஸ்ட், 3இன் இன்டேக், 4இன் இரண்டும். 2இன் எக்ஸாஸ்டில் 0.10 மி.மீ. அளவுத் தகடுகூட நுழையவில்லை. மற்றவை கொஞ்சம் முன்பின். டேப்பெட் சத்தம் போட்டால் எல்லோரும் பயப்படுகிறார்கள்; பயப்பட வேண்டியது சத்தமே இல்லாத வால்வுக்குத்தான். சீட் தேய்ந்து வால்வு மேலேற இடைவெளி சுருங்கும், வால்வு முழுதாக மூடாது, சூட்டை சீட்டுக்குக் கடத்த முடியாமல் விளிம்பு எரியத் தொடங்கும். 0.30க்கு வைத்தபின் 2இன் கம்ப்ரெஷன் 157. கேஜ் 18.5, முள் அசையவில்லை.

இதற்குப் பிறகுதான் டைமிங் (பிஸ்டன் உச்சியை அடைவதற்கு எத்தனை டிகிரி முன்னால் பிளக் பொறி விடுகிறது என்பது). டிஇ1, இ1 இணைத்த நிலையில் 5 டிகிரி இருக்க வேண்டும். டைமிங் லைட்டில் 9 தெரிந்தது. யாரோ குலுக்கலை மறைக்க டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பியிருக்கிறார்கள். 5க்குக் கொண்டுவந்து, வயரை எடுத்ததும் டைமிங் தானே முன்னேறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று ஈசியூவுக்குச் சொல்லும் த்ராட்டில் பொசிஷன் சென்சாரில் ஸ்டாப் ஸ்க்ரூவுக்கும் லிவருக்கும் நடுவே 0.57 மி.மீ. தகடு வைத்தால் ஐடில் தொடர்பு இருக்க வேண்டும், 0.85 வைத்தால் அறுபட வேண்டும். இரண்டும் சரி. ஈஜிஆர் வால்வின் (எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் விடுவது) டயஃப்ரத்தைக் கையால் உயர்த்தியதும் இன்ஜின் அணையப் பார்த்தது, விட்டதும் சீரானது; அதுவும் சரி.

கடைசியாக ஐடில் ஸ்க்ரூ. சூடான இன்ஜினில் அதை முழுக்க உள்ளே திருப்பினால் ஆர்பிஎம் ஐடிலுக்குக் கீழே விழ வேண்டும், அல்லது அணைய வேண்டும். விழாமல் ஓடிக்கொண்டே இருந்தால் த்ராட்டில் பாடிக்குக் கீழே உள்ள, இன்ஜின் ஆறியிருக்கும்போது கூடுதல் காற்று விடும் ஏர் வால்வு மூடவில்லை. கூலன்ட் குறைந்து காற்று அடைத்திருந்தாலும் அது சூடேறாமல் திறந்தே கிடக்கும். இங்கே அணைந்தது. திருப்பி வெளியே எடுத்து 750இல் நிறுத்தியாயிற்று.

2இன் எக்ஸாஸ்ட் கிளியரன்ஸை ஆயிரம் மைலில் மறுபடி பார்க்க வேண்டும். 0.30 அப்படியே நின்றால் அடுத்து 30,000 மைலில் பார்த்தால் போதும். மறுபடி சுருங்கியிருந்தால் சீட் எரிந்துகொண்டிருக்கிறது; ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.