ஐஸ் அறைப் பெட்டிக்குள் ஓபன்எஸ்எஸ்எல் 3.5 ஏற்றிய கதை

திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்குக் கிட்ட, ஒரு மீன் வியாபாரியின் ஐஸ் அறைச் சுவரில் ராஸ்பெரி பை 2 என்ற சின்னக் கணினி (இனி வெறும் "பை") ஒன்று பிளாஸ்டிக் பெட்டிக்குள் தொங்குகிறது. அதன் வேலை சின்னது. அறையின் வெப்பநிலையை அளந்து, மீன் வாங்கும் கொழும்புக் கம்பனியின் சேர்வருக்குக் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அனுப்பும். அந்தப் பதிவு போகாவிட்டால் ஏற்றுமதிக்கு மீன் எடுக்கமாட்டார்கள்.

"தம்பி, அறை நல்லாத்தான் குளிருது. ஆனா ரெக்கோட் வரேல்ல எண்டு கொழும்பில இருந்து போனுக்கு மேல போன்," என்றார் முதலாளி.

லாக்கைத் திறந்தால் ஒரே வரிதான் திரும்பத் திரும்ப: "டிஎல்எஸ்வி1 அலர்ட் புரோட்டோகால் வெர்ஷன்". டிஎல்எஸ் என்பது இணையத்தில் போகும் தகவலைப் பூட்டி அனுப்பும் முறை. கம்பனி தன் சேர்வரில் டிஎல்எஸ் 1.3ஐ மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் மூடிவிட்டது. பெட்டிக்குள் இருப்பதோ ராஸ்பியன் ஸ்ட்ரெச், பைக்கான இயங்குதளத்தின் 2017இல் வந்த பதிப்பு. தகவலை அனுப்பும் கர்ல் என்ற நிரல் அதில் ஓடுவது, டிஎல்எஸ் வேலையைச் செய்துகொடுக்கும் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் 1.0.2 பதிப்பில். டிஎல்எஸ் 1.3 ஓபன்எஸ்எஸ்எல்லுக்குள் வந்ததே 1.1.1 பதிப்பில், 2018 செப்டெம்பரில்.

புது ராஸ்பியனைப் போட்டுவிட்டால் முடிந்ததே என்று கேட்பீர்கள். வெப்பமானியின் டிரைவர் பழைய கெர்னலுக்கென்று (இயங்குதளத்தின் மையப் பகுதி) கட்டப்பட்ட பைனரியாக மட்டும் கிடைத்தது. மூல நிரல் இல்லை, விற்றவரின் போனும் வேலை செய்யவில்லை. ஆகவே கெர்னலைத் தொடாமல், பழைய வீட்டுக்குள் புது ஓபன்எஸ்எஸ்எல்லையும் அதோடு சேர்ந்த கர்லையும் குடியமர்த்துவது ஒன்றுதான் வழி. சிஸ்டத்தின் சொந்த ஓபன்எஸ்எஸ்எல்லின் மேல் கை வைக்கவே கூடாது. மற்ற நிரல்கள் பல அதை நம்பி இருக்கின்றன. புதியதை ஆப்ட் (/opt) டைரக்டரிக்குள் தனியாக வைக்க முடிவு செய்தேன்.

எந்தப் பதிப்பு? 3.0 நீண்டகால ஆதரவுப் பதிப்புதான், ஆனால் அது 2026 செப்டெம்பர் 7 வரைக்கும்தான். 2025 ஏப்ரலில் வந்த 3.5க்கு 2030 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு. ஐஸ் அறைப் பெட்டியை யாரும் ஆசைக்குத் திறக்கப் போவதில்லை. அதனால் 3.5.

முதலில் மடிக்கணினியிலேயே குறுக்குக் கம்பைல், அதாவது ஒரு கணினியில் இருந்துகொண்டே வேறுவகைக் கணினிக்கான நிரலைக் கட்டுவது, செய்து பார்த்தேன். ஓபன்எஸ்எஸ்எல் இதற்கு நல்ல வசதி வைத்திருக்கிறது. கன்ஃபிகர் கட்டளையில் டார்கெட்டின், அதாவது நிரல் ஓடப்போகும் கணினி வகையின், பெயரையும், கம்பைலர் பெயருக்கு முன்னால் வரும் ஒட்டையும் கொடுத்தால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். உபுண்டு 22.04 ஓடும் மடிக்கணினியில் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. பைக்குக் கொண்டுபோய் ஓட்டினால், "ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை" என்று நின்றுவிட்டது. ஜிலிப்சி என்பது லினக்ஸ் நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை லைப்ரரி. உபுண்டு 22.04இல் இருப்பது ஜிலிப்சி 2.35, ஸ்ட்ரெச்சில் இருப்பது 2.24. 2.34இல் பிதிரெட், டிஎல் லைப்ரரிகளை எல்லாம் ஜிலிப்சியின் உள்ளுக்கே இழுத்துக்கொண்டார்கள். ஆகவே புதிய சிஸ்டத்தில் கட்டியது பழைய சிஸ்டத்தில் ஓடாது. மறுபக்கம், பழையதில் கட்டியது புதியதில் பெரும்பாலும் ஓடும். இந்தத் திசை தெரிந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

சரி, பையிலேயே கட்டுவோம். ஐஸ் அறைப் பெட்டியைக் கழற்ற முடியாது, அளவீடாவது அதற்குள் சேர்ந்துகொண்டிருக்கட்டும். எஸ்டி கார்டைப் பிரதி எடுத்துக்கொண்டு வந்தேன். கோணேசபுரி வளாகத்தில் படிக்கும் ஒரு தம்பியிடம் சும்மா கிடந்த பை 2 ஒன்று கிடைத்தது. உப்புவெளியில் மாரி காலத்தில் கரண்ட் கண்ணடித்துக்கொண்டே இருக்கும். பையைப் பவர் பேங்கில் கொளுவிவிட்டு உட்கார்ந்தேன்.

டார் கோப்பை விரிக்கும்போதே எச்சரிக்கை வரிகள் திரையில் ஓடின: இந்தக் கோப்பின் நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது, அந்தக் கோப்பின் நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது. கன்ஃபிகர் ஒழுங்காக முடிந்தது. கட்டும் வேலையை நடத்தும் மேக் கட்டளையைத் தட்டினால், "மாறியிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது" என்று சில கோப்புப் பெயர்கள், பிறகு நட்சத்திரக் குறிகளால் ஒரு பெரிய கட்டம், அதற்குள் "இதே மேக் கட்டளையை மீண்டும் ஓட்டவும்". ஓட்டினேன். அதே கட்டம். மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அதே கட்டம்.

இதன் உட்காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கன்ஃபிகர் என்பது ஒரு பெர்ல் ஸ்கிரிப்ட். நாம் கொடுக்கும் தெரிவுகளை எல்லாம் கன்ஃபிக்டேட்டா என்ற கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு, அதிலிருந்து மேக்ஃபைலை உருவாக்குகிறது. நீங்கள் இடையில் கன்ஃபிகரையோ டார்கெட் பட்டியலையோ மாற்றிவிட்டால், பழைய தெரிவுகளோடு புதிய மூல நிரல் கலந்துவிடக் கூடாது. அதற்காக, கன்ஃபிக்டேட்டாவைவிட அந்தக் கோப்புகள் புதியவையா என்று ஒவ்வொரு முறையும் மேக் பார்க்கும். புதியவையென்றால் தானே மறுபடி கன்ஃபிகர் செய்துவிட்டு, மீண்டும் ஓட்டு என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் பை 2இல் நேரத்தைப் பிடித்து வைக்கும் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. நெட் இல்லாமல் எழுப்பினால் அது 2017இல் ஏதோ ஒரு நாளில் கண் விழிக்கிறது. மூல நிரல் கோப்புகளின் திகதியோ 2025. பை இப்போது எழுதுகிற எந்தக் கோப்பும் அவற்றைவிடப் பழையதாகத்தான் இருக்கும். எத்தனை முறை ஓட்டினாலும் அந்தக் கட்டம் வந்துகொண்டேதான் இருக்கும். கைபேசியைப் பார்த்துத் திகதியைச் சரியாக வைத்துவிட்டு மறுபடி கன்ஃபிகர் செய்தேன். மேக் ஒழுங்காக ஓடத் தொடங்கியது.

இனி அந்தக் கன்ஃபிகர் வரி. டார்கெட் பெயர் எதுவும் கொடுக்காவிட்டால் கன்ஃபிகர் தானே ஊகிக்கும். இந்தப் பையில் லினக்ஸ்-ஆர்ம்வி4 என்று ஊகித்தது. பெயரில் வி4 என்று இருப்பதைப் பார்த்து, பழைய மெதுவான நிரல்தான் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். அசெம்பிளிப் பகுதிகள் ஓடும் நேரத்தில் ப்ராசஸருக்கு நியான் என்ற வேகக் கணக்கீட்டு வசதி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதையே பயன்படுத்தும். அதே காரணத்தால், அசெம்பிளியை அணைக்கும் நோ-ஏஎஸ்எம் என்ற தெரிவைத் தொடவே வேண்டாம். கம்பைல் பிரச்சினை எதற்கும் அதைத்தான் முதல் மருந்தாகச் சொல்கிறார்கள். அது குறியாக்கத்தின் வேகத்தை விழுத்திவிடும், பிழையின் காரணத்தையும் மூடி மறைத்துவிடும். உங்கள் பை புதியது, கெர்னல் 64 பிட், மிச்ச சிஸ்டம் 32 பிட் என்றால் மட்டும் டார்கெட்டைக் கையால் கொடுங்கள். கெர்னலைப் பார்த்து ஊகம் தவறிவிடும்.

எதை வெட்டுவது என்பதில் நான் கஞ்சத்தனமாகவே இருந்தேன். எஸ்எஸ்எல்3, இசட்லிப், ஆர்சி5 போன்றவை ஏற்கெனவே இயல்பில் அணைத்துத்தான் வருகின்றன. அவற்றுக்கு நோ போட்டு வரியை நீட்டி ஒரு பயனும் இல்லை. வேறுவகை இணைப்புகளுக்கான க்விக்கும் டிடிஎல்எஸ்ஸும் இந்தப் பெட்டிக்குத் தேவையில்லை, இரண்டையும் எடுத்தேன். ஷேர்ட் லைப்ரரி வேண்டாம் என்றும் கொடுத்தேன். எல்லாம் ஒரே கர்ல் பைனரிக்குள் போய்விட்டால், ஓடும்போது சிஸ்டத்தின் பழைய லைப்ரரியைத் தவறுதலாக எடுத்துக்கொள்ளும் தொல்லை வராது. பயன்படுத்தாததை வெட்டுவது வெறும் அழகுக்காக அல்ல. 2014இல் ஓபன்எஸ்எஸ்எல்லின் ஹார்ட்பீட் என்ற வசதியில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புப் பிழை வெடித்தபோது, பிழை திருத்திய 1.0.1ஜிக்கு உடனே மாற முடியாதவர்களுக்குச் சொல்லப்பட்ட வழியே ஹார்ட்பீட்டை அணைத்து மறுபடி கம்பைல் செய்யுங்கள் என்பதுதான். அந்த வசதியை ஆரம்பத்திலேயே அணைத்துக் கட்டியிருந்தவர்களை அந்தப் பிழை தொட்டிருக்காது.

மேக் மணிக்கணக்கில் ஓடி, கடைசியில் ஓபன்எஸ்எஸ்எல் கட்டளையை இணைக்கும் இடத்தில் விழுந்தது. பெயரின் முடிவில் 8 வரும் அட்டாமிக் செயல்கள் சிலவற்றைக் காணவில்லை என்றது. ராஸ்பியன் எல்லாப் பைகளிலும் ஓட வேண்டும் என்பதற்காக, அதன் கம்பைலர் ஆர்ம்வி6க்கென்று அமைக்கப்பட்டிருக்கிறது. அந்த அளவில் 64 பிட் எண் ஒன்றை ஒரே மூச்சில் மாற்றுவதற்கு நேரடிக் கட்டளை இல்லாததால், கம்பைலர் அதை லிப்அட்டாமிக் என்ற துணை லைப்ரரியிடம் விடுகிறது. கன்ஃபிகர் வரியின் கடைசியில் "-எல்அட்டாமிக்" சேர்த்தால் போதும். இப்படி "-எல்" என்று தொடங்குபவற்றைக் கன்ஃபிகர் அப்படியே, இணைப்பு வேலையைச் செய்யும் லிங்கரிடம் கொடுத்துவிடும். தெரிவுகளை மாற்றிய பிறகு பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளை நம்பாமல் மேக் கிளீன் செய்துவிட்டே தொடங்கினேன். கையேட்டுப் பக்கங்களை உருவாக்குவதில் வீணாகும் நேரத்தைத் தவிர்க்க, வெறும் மேக்குக்குப் பதிலாக பில்ட்_எஸ்டபிள்யூ என்ற இலக்கைக் கொடுத்தேன். இரவு முழுக்க ஓட விட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

பரிசோதனைகளைத் தவிர்க்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. வேறு மென்பொருளென்றால் சரி போகட்டும். குறியாக்க லைப்ரரியில் கம்பைலர் செய்யும் சின்னக் குளறுபடிகூட வெளியே தெரியாமல் தவறான விடையைத் தரலாம். தாறுமாறான உள்ளீடுகளைக் கொடுத்துப் பார்க்கும் ஃபஸ் பரிசோதனைகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் ஓட்டினேன். இங்கேயும் கடிகாரம் முக்கியம். பரிசோதனைக் கோப்புறையில் இருக்கும் சான்றிதழ்களுக்கும் காலாவதி உண்டு. 2022 ஜூன் 1 அன்று அப்படிச் சில காலாவதியாகி, அதுவரை தேறிக்கொண்டிருந்த பதிப்புகளின் பரிசோதனைகள் உலகம் முழுக்க ஒரேயடியாக விழத் தொடங்கின. நிரலில் ஒரு பிழையும் இல்லை, நாள்தான் மாறியது.

அடுத்தது ஓபன்எஸ்எஸ்எல்டிர். கவனம் அதிகம் தேவைப்படுவது இந்தத் தெரிவுக்குத்தான். ப்ரீஃபிக்ஸ் என்பது நிரல்கள் போய்ச் சேரும் இடம். ஓபன்எஸ்எஸ்எல்டிர் என்பது அமைப்புக் கோப்பையும் நம்பிக்கைச் சான்றிதழ்களையும் தேடும் இடம். இந்த இரண்டாவது பாதை கம்பைல் ஆகும்போதே லைப்ரரிக்குள் எழுதப்பட்டுவிடும். பிறகு கோப்புகளை வேறெங்கோ நகர்த்தினாலும் அது பழைய இடத்தில்தான் தேடும். நான் ஆப்ட் டைரக்டரிக்குள் தனி இடம் கொடுத்தேன். புது இடம் என்பதால் அங்கே சான்றிதழ் ஒன்றும் இல்லை. சேர்வரோடு இணைப்பு வரும், டிஎல்எஸ் 1.3 என்று காட்டும், ஆனால் சரிபார்ப்பு 20ஆம் இலக்கப் பிழையில் நிற்கும்: வழங்கியவரின் சான்றிதழ் இங்கே இல்லை என்று அர்த்தம். இந்த இடத்தில் சலித்துப்போய், கர்லுக்குச் சரிபார்ப்பையே அணைக்கும் தெரிவைக் கொடுத்துவிட்டு "வேலை செய்யுது" என்று கிளம்பிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்வதானால் இவ்வளவு பாடுபட்டு டிஎல்எஸ் போடத் தேவையே இல்லை. மொசில்லாவின் சான்றிதழ்ப் பட்டியலைக் கர்ல் திட்டத்தினர் ஒரே கோப்பாக வெளியிடுகிறார்கள். அதை மடிக்கணினியில் இறக்கி, செர்ட் டாட் பெம் என்ற பெயரில் அந்த டைரக்டரிக்குள் வைத்தேன். அந்தப் பெயரைத்தான் ஓபன்எஸ்எஸ்எல் இயல்பாகத் தேடும்.

கர்லைக் கட்டுவதில் ஒரு இடம் மட்டும் இடறியது. ஓபன்எஸ்எஸ்எல்லின் பாதையைக் கொடுத்தும், அங்கே ஒன்றும் இல்லை என்று அதன் கன்ஃபிகர் சொன்னது. லைப்ரரி இருந்தது. நிரலுக்குள்ளேயே சேர்ந்துவிடும் ஸ்டாட்டிக் லைப்ரரி என்பதால் டிஎல், பிதிரெட், அட்டாமிக் மூன்றையும் கூடவே இணைக்கச் சொல்ல வேண்டும். லிப்ஸ் என்ற மாறியில் மூன்றையும் எழுதியதும் கண்டுகொண்டது. கர்லுக்கும் அதே செர்ட் கோப்பையே காட்டினேன்.

கொட்பேக்குக் கொண்டுபோனது கர்ல், ஓபன்எஸ்எஸ்எல் கட்டளை, சான்றிதழ்க் கோப்பு, அவ்வளவுதான். ஸ்கிரிப்டில் கர்லின் பாதையை மாற்றினேன். பை எழும்பியதும் ரவுட்டரிடம் நேரத்தைக் கேட்டுச் சரிசெய்த பிறகே அனுப்பத் தொடங்கும்படி ஒரு வரி சேர்த்தேன். இல்லாவிட்டால் கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் 2017க்குப் போய், "இந்தச் சான்றிதழின் காலம் இன்னும் தொடங்கவில்லை" என்று சண்டை பிடிக்கும். தேங்கிக் கிடந்த அளவீடுகள் வரிசையாகப் போயின. கொழும்பிலிருந்து முதலாளிக்குப் போன் வந்தது, இந்த முறை நல்ல செய்தியோடு.

"தம்பி, இனி எப்ப இதுக்குக் கை வைக்கோணும்?" என்றார்.

மூடியின் உள்பக்கத்தில் ஒரு டேப் ஒட்டி, முழுக் கன்ஃபிகர் வரியையும் எழுதி, கீழே "2030 ஏப்ரலுக்கு முன்" என்று போட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, அதுக்குள்ள அறையையே மாத்திப் போடுவன் என்று சிரித்தார்.