தே போட்டு முதல் இழந்த அக்கா

வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு எங்கள் குழுவில் ஒரு குறுக்கெழுத்துக் குறிப்பு வரும். ஒரே ஒரு வரி. முறை வைத்து ஆளுக்கொரு வாரம் எழுதுகிறோம். விடை கண்டுபிடித்தவர் அதை எல்லார் முன்னிலையிலும் போட்டு உடைக்கக் கூடாது. 'ஆச்சு' என்று மட்டும் எழுதிவிட்டு, விடையையும் அது வந்த வழியையும் குறிப்பு எழுதியவருக்குத் தனியாக அனுப்ப வேண்டும். வழி சொல்லாத விடை எங்களிடம் செல்லாது. இந்த ஒரு விதியில் நான் பிடிவாதமாக இருப்பேன்.

நான் சிங்கப்பூரில், செங்காங்கில் ரயில் ஏறி, சிராங்கூனில் வட்டப் பாதைக்கு மாறி, பாய லேபாரில் இறங்கி ஓர் அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவள். மற்றவர்களில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் உண்டு, எங்களுக்கு ஐயா. துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை செய்யும் புதுக்கோட்டைத் தம்பி உண்டு. தினமும் கடற்பாலம் கடந்து வேலைக்கு வரும் தாதி ஒருவர், அவர் ஜோகூர் அக்கா. இன்னும் சிலர் வருவார்கள், போவார்கள்.

எங்களுடையது கிரிப்டிக் குறிப்பு, மேலே ஒரு கதை சொல்லி உள்ளே விடையை ஒளித்து வைக்கும் வகை. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர்களுக்கு, தம்பி எழுதிய ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

தே போட்டு முதல் இழந்த அக்கா இருக்கும் சந்தை (3)

படித்தவுடன் கண் முன்னால் வருவது யார்? தேநீர்க் கடை வைத்து, போட்ட பணம் போய், சந்தையில் நிற்கும் ஒரு பெண். அவரை அப்படியே விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் பாருங்கள். 'தே' (எங்கள் கோப்பிக்கடைகளில் தேநீருக்குப் பெயர்) போட வேண்டும். 'அக்கா' தன் முதல் எழுத்தை இழக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தால் தேக்கா, சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் இருக்கும் சந்தை. விடையின் நேர்ப்பொருள் கடைசியில் இருக்கிறது: சந்தை. அடைப்புக்குள் இருக்கும் 3, விடையின் எழுத்து எண்ணிக்கை.

தம்பி முதலில் 'தே விற்று' என்றுதான் எழுதியிருந்தார். படிக்க அதுவே இயல்பாகவும் இருந்தது. ஐயா ஒத்துக்கொள்ளவில்லை. "விற்றால் கையை விட்டுப் போய்விடும் தம்பி, ஆனால் விடையில் தே இருக்கிறதே" என்றார். அரை மணி நேரம் கழித்துத் தம்பி 'போட்டு' என்று மாற்றினார். கோப்பிக்கடையில் நாம் வாய் நிறையச் சொல்வதும் 'தே போடு' தானே? கதையிலும் பொருந்தியது, எழுத்துக் கணக்கிலும் பொருந்தியது. ஒரு வினைச்சொல்லுக்காக இவ்வளவு பேச வேண்டுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டும் என்பேன். ஒரு வரியில் ஏழு சொற்கள் இருந்தால் ஏழும் உழைக்க வேண்டும். ஒன்று சும்மா நின்றாலும், ஒன்று பொய் சொன்னாலும், விடுவிக்கிறவரை நாம் மதிக்கவில்லை என்று அர்த்தம்.

இது நாங்களாகக் கண்டுபிடித்த நியாயம் இல்லை. குறுக்கெழுத்துப் புதிர் 1913 டிசம்பர் 21 அன்று ஆர்தர் வின் என்பவரால் நியூயார்க்கில் ஒரு நாளிதழின் ஞாயிறு மலரில் தொடங்கியது. அது நேரடியாகப் பொருள் கேட்கும் வகை. 1920களில் இங்கிலாந்துக்குப் போன பிறகுதான் குறிப்புகள் இரட்டை நாக்கோடு பேச ஆரம்பித்தன. அப்ரிட் என்ற புனைபெயரில் புதிர் போட்ட ரிச்சி 1949இல் ஒரு விதி சொன்னார். நீங்கள் எழுதியதைப் படிக்கிறவர் வேறு மாதிரி எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் நீங்கள் நினைத்தது அந்தச் சொற்களில் இருந்தே ஆக வேண்டும் என்பது அதன் சாரம். ஏமாற்றலாம், பொய் சொல்லக் கூடாது. ஐயா சொன்னதும் அதுதான். அவர் அப்ரிட்டைப் படித்துவிட்டுச் சொல்லவில்லை.

ஐயாவுக்கு அது எங்கிருந்து வந்தது என்று பின்னால்தான் புரிந்தது. ஒருநாள் விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தில் சந்தித்தபோது தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூலைத் திறந்து, எழுத்து விளையாட்டுப் பாட்டுகளைச் சொல்லும் சித்திரகவிப் பகுதியைக் காட்டினார். வினாவுத்தரம் என்று ஒரு வகை. அதற்குக் கொடுத்திருக்கும் பாட்டு வரிசையாகக் கேள்வி கேட்கிறது. பூமகள் யார்? திரு. போகிறவனை ஏவுகிறவன் என்ன சொல்வான்? ஏகு. சரத்துக்குப் பெயர்? அம்பு. அழகுக்குப் பெயர்? அம். கடைசியாக, பிறை சூடிய பெருமான் விரும்பி உறையும் இடம் எது? நான்கு விடைகளையும் சேருங்கள்: திருவேகம்பம். துண்டு துண்டாகச் சேர்த்துக் கடைசியில் நேர்ப்பொருளைச் சொல்லும் கிரிப்டிக் குறிப்பு இதிலிருந்து எந்த வகையில் வேறு? ஏறத்தாழ 12ஆம் நூற்றாண்டு நூல் என்கிறார்கள். அதே பட்டியலில் ஒவ்வோர் எழுத்தாக நீக்க நீக்கப் புதுச்சொல் வரும் அக்கரச்சுதகம் இருக்கிறது. ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுள் ஒளிந்திருக்கும் கரந்துறைச் செய்யுள் இருக்கிறது. எழுத்தைக் கூட்டிக்கொண்டே போகும் எழுத்து வருத்தனம் இருக்கிறது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதிக் காட்டத் தெரியவில்லை. இரவல் வாங்கிய விளையாட்டை ஆடுகிறோம் என்ற கூச்சம் அத்தோடு போய்விட்டது.

கரந்துறைக்கு ஜோகூர் அக்கா எழுதிய ஒன்று என் மனத்தில் அப்படியே நிற்கிறது. வார்டில் காதில் விழுந்த பேச்சாம்.

ஏங்க டல்லா? உள்ளே ஆழி! (3)

'ஏங்க டல்லா' என்பதற்குள் க, ட, ல் அடுத்தடுத்து நிற்கின்றன. கடல். ஆழி என்றாலும் அதுதான். காதில் விழுந்தது 'ஏங்க டல்லா இருக்கீங்க' என்ற முழு வாக்கியம். அதில் 'இருக்கீங்க'வுக்கு வேலை இல்லை என்று அக்காவே வெட்டிவிட்டார். வெட்டிய பிறகு வரி இன்னும் உருக்கமாக ஆகிவிட்டது, பாருங்கள். வாடிய முகத்தைப் பார்த்துக் கேட்கும் கேள்வி, உள்ளே ஒரு கடல். எழுத்துக் கணக்கும் மேற்பொருளும் இப்படி ஒரே இடத்தில் சந்திப்பது எப்போதாவதுதான் நடக்கும்.

சிலேடை ஐயாவின் களம். காளமேகத்தைப் பாம்பும் எள்ளும், வைக்கோலும் யானையும் என்று பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவர்.

ஒரு கிழமை நிலவும் மாதம் (4)

ஒரு வாரம் மட்டும் நீடிக்கும் மாதம் எங்கே இருக்கிறது என்று பாய லேபார் வரை யோசித்துக்கொண்டே போனேன். 'நிலவும்' என்பது நிலவுதல் இல்லை, நிலவு என்னும் சொல்லோடு உம் சேர்ந்தது என்று அலுவலகத்தில் கணினியைத் திறக்கும்போது பளிச்சென்று பட்டது. ஒரு கிழமை, நிலவும், மாதம். மூன்றுமே திங்கள். மூன்று நேர்ப்பொருள்களை மூன்றே துண்டுகளில் அடுக்கி, அவற்றை ஒரு வாக்கியம் போல நடக்கவும் வைத்திருக்கிறார். நான் பார்த்ததில் இதைவிடச் சிக்கனமான குறிப்பு இல்லை.

தமிழில் குறிப்பு எழுதும்போது ஆங்கில விதிகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. என் குறிப்பு ஒன்றை வைத்தே சொல்கிறேன்.

மதத் தலைவரிடம் தகரம் உருமாறிப் பச்சைக்கல் ஆனது (5)

மதம் என்ற சொல்லின் தலை 'ம'. அதோடு 'தகரம்' சேர்ந்து எழுத்துகள் இடம் மாறினால் மரகதம். தகரத்தை உருமாற்றி என்று எழுதினால் வாக்கியம் சரளமாக ஓடும். ஆனால் அங்கே 'தகரம்' இல்லையே, 'தகரத்தை' அல்லவா இருக்கிறது. மகரத்தில் முடியும் பெயர்கள் வேற்றுமை உருபு ஏற்றால் ம் போய் அத்துச் சாரியை வந்துவிடும். கலைக்க வேண்டிய எழுத்துகள் கண்ணெதிரே முழுசாக இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம் என்றால், அந்தச் சொல் எழுவாயாக நிற்க வேண்டும். அதனால்தான் தகரமே உருமாறுகிறது, யாரும் அதை உருமாற்றவில்லை. நல்ல தமிழ்க் குறிப்புகளில் எழுவாய்கள் அதிகம் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

ஆங்கிலத்தில் ஒரு பெரிய சண்டை உண்டு. 'ரெட்ஹெட்' என்று எழுதி 'ரெட்' என்ற சொல்லின் தலையான முதல் எழுத்தைக் குறிக்கலாமா? உடைமை உருபு இல்லாமல் எப்படி என்று கறாரானவர்கள் மறுப்பார்கள். நமக்கு அந்தச் சிக்கலே இல்லை. மதத் தலைவர் என்றால் மதத்தின் தலைவர்தான். வேற்றுமைத் தொகையை இலக்கணமே கொடுத்து வைத்திருக்கிறது. 'கடை' என்ற சொல்லுக்குக் கடைசி என்றும் பொருள் இருப்பதால் கோப்பிக்கடை என்று எழுதி 'பி'யைக் குறிக்கலாம், யாரும் குறை சொல்ல முடியாது. முதலாளி, தலைமகன், இடை மெலிந்தவள் என்று எத்தனை வாசல்கள்! தெருவில் நடக்கும்போது கடைப் பெயர்ப் பலகைகளைப் பார்த்தாலே கை பரபரக்கும்.

ஒரு வாசல் மட்டும் ஏறக்குறைய அடைத்திருக்கிறது. சொல்லைத் தலைகீழாகத் திருப்புவது. சிவா திரும்பினால் வாசி, அது அழகு. ஆனால் ம், ல், ன் என்று மெய்யில் முடியும் சொல்லைத் திருப்பினால் மெய் முதலில் வந்து நிற்கும். மெய்யில் தொடங்கும் சொல் தமிழில் கிடையாது. மொழிக்கு முதலில் வரும் எழுத்துகள் 22, இறுதியில் வருபவை 24 என்று நன்னூல் வரையறை செய்கிறது. கட்டம் கட்ட உட்கார்ந்தால் அந்த வரையறையின் எடை தெரியும். இடமிருந்து வலம் போகும் சொல்லில் ஒரு கட்டத்தில் ம் விழுந்துவிட்டால், அங்கிருந்து கீழே இன்னொரு சொல்லைத் தொடங்க முடியாது. இதே விதி விடுவிக்கிறவருக்கு ஒரு கைவிளக்கு. ஒரு கட்டத்தில் க் இருக்கிறது என்று தெரிந்தால் அடுத்தது ககர வரிசைதான். ச், த், ப் மூன்றுக்கும் அப்படியே. எந்த மெய்க்குப் பின் எது வரும் என்று சொல்லும் மெய்ம்மயக்கம் படித்தவர் பாதி கட்டத்தை விரலால் எண்ணியே நிரப்பிவிடுவார். கடன்சொற்கள் வந்தால் கதை மாறும். ரயில், லாரி, டிக்கெட் எல்லாம் பழைய முதலெழுத்துக் கணக்கை மீறுகின்றன. அடுக்குமாடிக் கட்டடத்துக்கு நாம் சொல்லும் புளோக் வல்லின மெய்யில் முடிகிறது. அதனால் சிங்கப்பூர்த் தமிழ் கட்டத்துக்கு உண்மையிலேயே நல்லது, இதை ஐயாவும் ஏற்றுக்கொண்டார்.

தே, கோப்பி, புளோக், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) போன்ற சொற்கள் இங்கே வந்து புதிதாகச் சேர்பவர்களுக்குத் தெரியாதே, நியாயமா என்று ஒரு கேள்வி எழுந்தது. புதுக்கோட்டைத் தம்பிதான் பதில் சொன்னார்: "நான் வந்த முதல் வாரமே தே கற்றுக்கொண்டேன் அக்கா. கற்றுக்கொள்ளட்டும்." அதே போல அவர் ஊர்ச் சொல் ஒன்று வந்தால் நாங்கள் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். அகராதியில் இருக்க வேண்டும், அல்லது குழுவில் யாராவது ஒருவர் வீட்டில் அன்றாடம் புழங்க வேண்டும். இந்த அளவுகோல் போதும்.

எழுத்தெண்ணிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. கொ என்பது திரையில் மூன்று உருவங்களாகத் தெரிந்தாலும் ஓர் எழுத்துதான். ஆங்கிலத்திலேயே எண்ணிப் பழகிய பிள்ளைகள் இதில் தடுமாறுவார்கள். உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகளுக்கு நான் உட்கார்ந்து எண்ணிக் காட்டவில்லை. குறிப்புகளை விடுவிக்க விடுவிக்க அவளுக்கே கை வந்துவிட்டது. ஒற்று மிகும் இடங்களையும் அவள் இப்படித்தான் பிடித்தாள். தேர்வுக்கு மனப்பாடம் செய்தபோது நிற்காதது, 'இங்கே ஏன் ஒரு க் கூடுதலாக இருக்கிறது, அது விடைக்குச் சேருமா' என்று துருவியபோது நின்றுவிட்டது.

சென்ற வாரம் என் முறை. வேலையில் ஆண்டு முடிவுக் கணக்கு நெருக்கியதால் முறையை மகளுக்குக் கொடுத்தேன். பள்ளிப் பேருந்தில் யோசித்தாளாம். நான் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை, ஐயாவும் மாற்றச் சொல்லவில்லை. எட்டு மணிக்குப் போட்டாள், எட்டேகாலுக்குள் துவாஸிலிருந்து முதல் 'ஆச்சு' வந்தது.

சிங் கரம் பிடித்த ஊர் (3)

விடையை இங்கே எழுத மாட்டேன். கண்டுபிடித்தவர்கள் எனக்கு அனுப்புங்கள். வழியோடு.