தொரப்பள்ளிக்குப் போக 450 ரூபாய் கொடுக்காதீர்கள்

நேற்று இரவுதான் சேலம் திரும்பினேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியைப் பார்க்க ஓசூர் பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு 450 ரூபாய் கொடுத்தேன். முதலில் கேட்டது 600. "அக்கா, திரும்பி வரும்போது சவாரியே கிடைக்காது" என்று ஒரே பிடிவாதம். தூரம் சுமார் 10 கிலோமீட்டர்தான். வீட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் டவுன் பஸ் வந்து நிற்கிறது. பெண்களுக்குக் கட்டணமே இல்லாத பஸ்! இரண்டு நாளுக்கு 1,500 ரூபாய் என்று எண்ணி எடுத்துப் போனவள் நான். அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அரை மணி நேரத்தில் கரைந்துவிட்டது. நீங்களாவது விசாரித்துவிட்டு ஏறுங்கள்.

காலையில் ஏறிய பஸ்ஸும் சரியில்லை. "எங்கும் நிற்காது" என்று கூவி ஏற்றினார்கள். தொப்பூர் கணவாய் வருவதற்குள்ளேயே ஐந்து இடங்களில் நின்றது. கடைசி வரிசை, மூட முடியாத ஜன்னல், டிசம்பர் மாதக் காற்று. ஓசூரில் இறங்கியபோது காது இரண்டும் அடைத்திருந்தன.

ஆனால் அங்கே கிடைத்த மதியச் சாப்பாட்டுக்காக அதே பஸ்ஸில் மறுபடியும் போகலாம். 80 ரூபாய்க்கு ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். கையில் எடுத்தால் ஆவி பறக்கிறது. கிள்ளிக் குழம்பில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டும், மெல்லக் கூடாது என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் சொல்லிக்கொடுத்தார். இரண்டாவது முறை கேட்டு வாங்கிய குழம்புக்குக் காசு வாங்கவில்லை.

எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று வரிசையாக எழுதத்தான் நினைத்தேன். அதற்கு முன் ஏன் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பாட்டி சேலம் மாவட்டத்துக் கிராமத்துப் பெண். "கள்ளுக்கடையை மூடிய வருஷம்தான் அடகுக்குப் போன அண்டா வீட்டுக்குத் திரும்பி வந்தது" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அது 1937. சென்னை மாகாணத்தின் பிரதமராக (முதலமைச்சரை அன்று அப்படித்தான் சொன்னார்கள்) இருந்த ராஜாஜி, மதுவிலக்கை அக்டோபர் 1 அன்று முதலில் சேலம் மாவட்டத்தில்தான் கொண்டுவந்தார். கள் வருமானம் போன பள்ளத்தை நிரப்ப 1939-இல் விற்பனை வரி வந்தது. அந்த அண்டா இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது.

தொரப்பள்ளி வீடு சிறியது. ஊர் முன்சீப்பின் மகனாக 1878 டிசம்பர் 10 அன்று பிறந்தவர், ஓசூரில் படித்து, பெங்களூரு சென்ட்ரல் கல்லூரிக்குப் போய், சென்னையில் சட்டம் முடித்து, 1900-இல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். நல்ல வரும்படி. 1917-இல் சேலம் நகராட்சித் தலைவர். மனைவியை இளம் வயதிலேயே பறிகொடுத்தவர், ஐந்து பிள்ளைகளின் தகப்பன். அப்படிப்பட்டவர் 1920-இல் ஒத்துழையாமை இயக்கத்துக்காக ஓடிக்கொண்டிருந்த தொழிலை விட்டார். மறு ஆண்டு டிசம்பரில் வேலூர் சிறை. 450 ரூபாய்க்கு அன்று முழுவதும் பொருமிக்கொண்டிருந்த எனக்கு, அந்த வீட்டுக்குள் நின்றபோது அவர் விட்டது எவ்வளவு என்பது உறைத்தது.

பிறகு அவர் ஏறிய படிகள் உங்களுக்குத் தெரியும். 1930-இல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை. 1948 ஜூனில் மவுண்ட்பேட்டனுக்குப் பின் கவர்னர் ஜெனரல், அந்தப் பதவியில் அமர்ந்த ஒரே இந்தியர். படேல் மறைந்ததும் உள்துறை அமைச்சர்.

திரும்பும்போது அந்த டவுன் பஸ்ஸில் ஏறினேன். கொஞ்ச நேரத்தில் பள்ளிவிட்ட பெண் பிள்ளைகள் புத்தகப் பையோடு நெருக்கியடித்து ஏறினார்கள். ஒருத்தி என் மடியில் பையை வைத்துவிட்டு அதன்மேலேயே கணக்கு நோட்டைத் திறந்தாள். 1953-இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நாள் படிப்பு, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று எதிர்த்தார்கள். எதிர்த்தவர்கள் பக்கம்தான் நியாயம். என் மனதில் இதில் இரண்டாவது கருத்தே கிடையாது. அவர் மறு ஆண்டு பதவி விலகினார். காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். பாட்டியின் அண்டாவை மீட்டுக்கொடுத்தவர்தான் என் அம்மாவின் பாதிப் பள்ளிக்கூடத்தையும் பிடுங்கியிருப்பார். அவர்மேல் எனக்குள்ள மரியாதையும் வருத்தமும் ஒன்றையொன்று அழிப்பதில்லை.

மறுநாள் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையம் காந்தி ஆசிரமம். செலவு மிகக் குறைவு, மனம் நிறைந்த நாள். தொழிலை விட்ட வக்கீல் கதர் வேலைக்கும் மதுவிலக்குப் பிரசாரத்துக்கும் குடும்பத்தோடு வந்து தங்கிய இடம். மதுவிலக்குக்காகவே நடந்த 'விமோசனம்' பத்திரிகையில் கல்கி அவருக்குத் துணையாக வேலை செய்ததும் இங்கேதான். 1925 பிப்ரவரியில் ஆசிரமத்தைத் திறந்துவைத்தவர் யார் தெரியுமா? பெரியார். அதே பெரியார் 1938-இல் ராஜாஜியின் கட்டாய இந்தியை எதிர்த்துச் சிறைக்குப் போனார். குலக்கல்வியையும் விடாமல் எதிர்த்தார். 1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி இறந்தபோது, 93 வயதில் சக்கர நாற்காலியில் மயானத்துக்கு வந்து கண்ணீர்விட்டார்.

ஒரு கதர்த் துண்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பஸ் வர நேரமானது. புளியமரத்தடியில் உட்கார்ந்து மீதிப் பணத்தை எண்ணினேன். 210 ரூபாய் இருந்தது. இன்னொரு துண்டு வாங்கியிருக்கலாமே என்று எழுந்து திரும்பி நடந்தேன்.