பர்னர் ஏன் சிவந்தது?

பழைய பம்ப் ஸ்டவ்வின் பித்தளை பர்னரைத் துலக்குவதில் மூன்று வாரமாகப் படுத்திய சிக்கல் போன வியாழக்கிழமை தீர்ந்தது. ஸ்டவ் டேங்க் வேலை பாதியில் கிடக்கிறது. பரவாயில்லை, இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

புனலூர் ஆக்ரிக் கடையில், அதாவது பழைய சாமான் கடையில், ஒரு சாக்கு பம்ப் ஸ்டவ் சாமான் கிடைத்தது. 14 பித்தளை பர்னர், பாதி இரைச்சல் ரகம், பாதி சைலன்ட். எடைக்குத்தான் கொடுத்தார்கள். ரயிலில் ஏற்றி, ஆரியங்காவு தாண்டி, செங்கோட்டைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் தோள் கழன்றுவிட்டது. உள்ளே படிந்த கரியை எடுக்கும் வித்தை உங்களுக்கெல்லாம் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். பிரச்சினை வெளிப்பக்கம். பர்னர் குழாய்களின் வளைவுக்குள் விரலும் போகாது, பிரஷ்ஷும் போகாது. புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்தால் ஒரு பர்னருக்கு ஒரு மாலை முழுக்கப் போய்விடும்.

துப்பாக்கி சுடும் விளையாட்டுக்காரர்கள் வெளிநாடுகளில் காலித் தோட்டா உறைகளை மறுபடி பயன்படுத்துவதற்காகத் துலக்கும் முறை ஒன்று இருக்கிறது. உறைகளோடு பொடிப்பொடியான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பித் துண்டுகள், தண்ணீர், கொஞ்சம் சிட்ரிக் ஆசிட், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் எல்லாவற்றையும் ஒரு டிரம்மில் போட்டு மணிக்கணக்கில் உருட்டுவார்கள். அந்த உறையும் பித்தளைதான், 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். அதற்குச் சரிவந்தால் பர்னருக்கும் சரிவர வேண்டும்.

6 அங்குல பிவிசி குழாயில் டிரம் செய்தேன். ஓட்டுவதற்கு லாரி வைப்பர் மோட்டார். முதலில் உமி போட்டு உலர்வாக உருட்டிப் பார்த்தேன். மேடான இடம் மட்டும் பளபளத்தது, குழாய்க்குள் உமி இறுகி அடைத்துக்கொண்டது. அதோடு உமியை விட்டேன். கம்பித் துண்டு நகைப் பட்டறைச் சாமான் கடையில் கிடைத்தது. வாங்குகிறவர்கள் 1 மி.மீ.க்குக் குறையாத தடிமனில் கேட்டு வாங்குங்கள். மெல்லிசு ரகம் மரைக்குள் சிக்கும். மண்ணெண்ணெய் ஆவி பீய்ச்சி வரும் முனையான நிப்பிளை எந்தக் கம்பியோடும் டிரம்மில் போடவே கூடாது. அதன் துளை 0.3 மி.மீ. அளவுதான், ஓரம் நசுங்கினால் சுடர் கோணும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2 கிலோ கம்பி, 4 பர்னர், இரண்டரை லிட்டர் தண்ணீர், கால் டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட், 3 மணி நேரம். திறந்தால் அழுக்கு ஒரு பொட்டு இல்லை, பச்சைக் களிம்பும் இல்லை. ஆனால் நான்கு பர்னரும் செம்பு டம்ளர் போலச் சிவந்திருந்தன. பித்தளையின் மஞ்சளே இல்லை.

ஆசிட் கூடிவிட்டது என்று நினைத்துப் பாதியாகக் குறைத்தேன். சிவப்பு. நேரத்தை ஒரு மணி ஆக்கினேன். கொஞ்சம் வெளிறிய சிவப்பு. போர் தண்ணீரின் உப்பாக இருக்குமோ என்று, சாரல் விழும் நேரத்தில் தகரத்தின் கீழ் அண்டா வைத்து மழைத்தண்ணீர் பிடித்தேன். அப்போதும் சிவப்புதான். மொத்தம் 7 தடவை உருட்டியாயிற்று.

கடைசியில் எங்கள் தெரு நகை ஆசாரி அண்ணாச்சியிடம் ஒரு பர்னரைக் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "உள்ள இரும்பு எதுவும் கெடக்கா தம்பி?" நகையை ஆசிட்டில் போட்டு எடுக்க அவர்கள் இரும்புக் குறடு தொடமாட்டார்களாம், செம்புக் குறடுதான். இரும்பு பட்டால் தட்டில் இருக்கும் எல்லா நகையும் சிவந்துவிடுமாம்.

வீட்டுக்கு ஓடிவந்து டிரம்மைத் திறந்தேன். மூடியைப் பிடித்திருக்கும் 4 போல்ட்டும் ஜிஐ, அதாவது துத்தநாக முலாம் பூசிய இரும்பு. உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த நுனிகளில் முலாம் போய் இரும்பு தெரிந்தது. ஆசிட் களிம்பைக் கரைக்கும்போது செம்பும் தண்ணீருக்குள் போகிறது. இரும்பு கூட இருந்தால் இரும்பு கரைய, கரைந்த செம்பு திரும்பவும் பித்தளை மேல் வந்து படிகிறது. ஸ்டீல் கம்பிக் குவியல் வழியாக எல்லாமே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் அத்தனை பர்னருக்கும் அந்தப் பூச்சு ஏறியிருக்கிறது.

நிச்சயப்படுத்திக்கொள்ள, பழைய கரைசலை இரண்டு கண்ணாடி ஜாரில் ஊற்றி ஆளுக்கொரு பித்தளை மூடி போட்டேன். ஒன்றில் மட்டும் மூடியைத் தொடும்படி ஓர் ஆணி வைத்தேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஆணி இருந்த ஜாரில் மூடி சிவப்பு, மற்றது மஞ்சள். அந்த இரண்டு மூடியையும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

போல்ட்டை ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மாற்றி, பழைய அளவிலேயே 3 மணி நேரம் ஓட்டினேன். வந்த நிறத்தைப் பார்க்க வேண்டும், சுத்தமான மஞ்சள்! சிவந்த நான்கையும், மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடும் சிட்ரிக் ஆசிட்டும் கலந்த தண்ணீரில் சில நிமிடம் வைத்து மீட்டேன். பக்கத்திலேயே நிற்க வேண்டும், விட்டுவிட்டால் பித்தளையையே அரிக்கும்.

டேங்குக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், அம்மோனியா கலந்த பாலிஷ் பக்கமே போகாதீர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்துக்குக் குதிரை லாயங்களில் வைத்த தோட்டா உறைகள் தாமாகவே விரிசல் விட்டன. காரணம் 1921இல்தான் விளங்கியது. மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, இழுவிசையில் இருக்கும் பித்தளையைப் பிளக்கும். காற்றடித்து வைக்கும் ஸ்டவ் டேங்கும் இழுவிசையில் இருப்பதுதான்.

அடுத்து ஒரு பெட்ரோமாக்ஸ் வருகிறது, மாவேலிக்கரைப் பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். அப்படியே மான்னார் போய்ப் பித்தளை வார்ப்பவர்களிடம் மூடி வார்த்துத் தருவார்களா என்று கேட்க வேண்டும். இந்தச் சாரல் ஈரத்தில் துலக்கியது நாலு நாளில் மங்குகிறது. தேன்மெழுகு பூசிய ஒன்று மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. மீதி 6 பர்னர் இருக்கின்றன. அதில் நான்கு இப்போது திண்ணையில் உருண்டுகொண்டிருக்கின்றன, ஒன்பது மணிக்குத் திறக்க வேண்டும்.