சுவருக்கு எதற்கு இத்தனை வாசல்?

இங்கிலாந்தின் வடக்கே ஹெக்ஸம் ரயில் நிலையத்துக்கு வெளியே ஏறிய பேருந்தின் எண் ஏடி122. ரோமப் பேரரசர் ஹேட்ரியன் பிரிட்டனுக்கு வந்ததும், தீவின் வடக்கே கடலுக்குக் கடல் ஒரு சுவர் எழுப்பும் வேலை தொடங்கியதும் கி.பி. 122இல். அந்த ஆண்டையே வண்டிக்கு எண்ணாக வைத்திருக்கிறார்கள். நியூகாசிலில் வேலை பார்க்கும் என் தம்பிக்கு இது தெரியாது. பக்கத்து ஊரில் இருந்துகொண்டே சுவர் பக்கம் எட்டிப் பார்க்காதவன், நான் வந்து நிற்கிறேனே என்பதற்காகக் கூடக் கிளம்பினான்.

சுவரோரம் ரோமக் கோட்டை இருக்கும் ஹவுஸ்டெட்ஸில் இறங்கி மேடேறினோம். காற்று என்றால் அப்படி ஒரு காற்று. குடை பிடிக்கிற யோசனையையே மறந்துவிட வேண்டியதுதான். மேலே போய்ச் சேர்ந்ததும் சுவரைக் கண்ட தம்பி முகம் தொங்கிவிட்டது. சில இடங்களில் இடுப்பளவு, சில இடங்களில் தோளளவு. சுற்றிலும் ஆடுகள்.

"இதுவாக்கா? ஆடே தாண்டிடும் போலிருக்கே!"

தாண்டும்தான். கட்டியபோது நாலைந்து மீட்டர் உயரம் இருந்த சுவர் இது. கிழக்கே டைன் ஆற்றங்கரையில் வால்ஸெண்ட் தொடங்கி, மேற்கே சால்வே கழிமுகத்துக் கரையில் பவுனஸ் வரை 117 கிலோமீட்டர். மூன்று லீஜியன் படைகள் ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொண்டு கட்டின. மேற்குப் பகுதியை முதலில் புல்மண் கட்டிகளை அடுக்கித்தான் எழுப்பினார்கள். கல்லுக்கு மாற்றியது அப்புறம். கட்டியவர்கள் ரோமக் குடியுரிமை பெற்ற லீஜியன் வீரர்கள். காவல் நின்றவர்களோ பெரும்பாலும் பேரரசு பிடித்த நாடுகளிலிருந்து சேர்க்கப்பட்ட துணைப்படையினர். ஹவுஸ்டெட்ஸ் கோட்டையில் இருந்த துங்கிரியர்கள் இன்றைய பெல்ஜியப் பக்கத்து ஆட்கள்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் எல்லை இந்தச் சுவர்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. சுவர் முழுவதும் இங்கிலாந்துக்குள்தான் இருக்கிறது. கட்டிய காலத்தில் அந்த இரண்டு நாடுகளும் உருவாகவே இல்லை.

கோட்டைக்குள் முதலில் எல்லோரும் போய் நிற்பது கழிப்பறையில். நாங்களும்தான். தென்கிழக்கு மூலையில், இருப்பதிலேயே தாழ்வான இடம் பார்த்து அமைத்திருக்கிறார்கள். மேட்டில் பெய்யும் மழையைத் தொட்டிகளில் பிடித்து, அந்தத் தண்ணீரைக் கழிவுக் கால்வாயில் விட்டிருக்கிறார்கள். சுவரோரம் ஆழமான கால்வாய். அதன் மேல் வரிசையாக இருக்கைகள் இருந்தனவாம், மறைப்பு எதுவும் கிடையாது. காலடியில் கல்லில் செதுக்கிய சின்ன ஓடை, கழுவிக்கொள்ளும் கடற்பஞ்சை அலசுவதற்கு. சுவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிய தம்பி இங்கேதான் முதல் படம் எடுத்தான்.

அங்கிருந்து மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால் 37ஆம் மைல் கோட்டை வருகிறது. இந்தப் பயணக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான். சுவர் நெடுக ஒரு ரோம மைலுக்கு, அதாவது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டருக்கு, ஒரு சிறு கோட்டை. இரண்டு கோட்டைகளுக்கு நடுவே இரண்டு காவல் கோபுரங்கள். இதுதான் கணக்கு. ஒவ்வொரு மைல் கோட்டையிலும் தெற்கே ஒரு வாசல், வடக்கே ஒரு வாசல். 37இல் வடக்கு வாசலின் இரு பக்கத் தூண்களும், வளைவு தொடங்கும் கற்களும் இன்னும் அப்படியே நிற்கின்றன. கனத்த கற்கள். கையை வைத்தால் உளி பட்ட சொரசொரப்புத் தெரிகிறது. வாசலைத் தாண்டி எட்டிப் பார்த்தேன். வெளியே பாதை இல்லை, செங்குத்துச் சரிவு! வண்டி வேண்டாம், ஒரு கழுதைகூட அந்த வழியாக ஏறி வர முடியாது.

மைலுக்கு ஒரு வாசல் என்பது மேலிடத்து உத்தரவு. பாறையோ பள்ளமோ, வரைபடத்தில் இருக்கிறதா, கட்டு. பிற்பாடு யாருக்கோ புத்தி வந்து அந்த வாசலைக் குறுக்கிவிட்டார்கள். அரசாங்க வேலை இரண்டாயிரம் வருஷமாகவே இப்படித்தான் போல.

சிரித்து முடித்த பிறகு ஒரு கேள்வி மண்டையைக் குடைந்தது. எதிரியைத் தடுப்பதுதான் நோக்கம் என்றால் மைலுக்கு ஒரு வாசல் எதற்கு? கோட்டை முற்றுகை தெரிந்த எவனும் சுவரில் இத்தனை ஓட்டை போட மாட்டான். 'ரோமர்களையும் காட்டுமிராண்டிகளையும் பிரிப்பதற்காக' என்று ஹேட்ரியனைப் பற்றிய பழைய வரலாற்று நூல் ஒன்று சொல்கிறது. ஆனால் அது அவர் இறந்து நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்டது. வாசல்களைப் பார்த்தால் பிரிப்பது மட்டும் நோக்கமாகத் தெரியவில்லை. போகிறவன் போகலாம், வருகிறவன் வரலாம். ஆனால் நாங்கள் வைத்த வாசல் வழியாக, எங்கள் காவலன் கண் முன்னால், ஆயுதத்தைக் காட்டி, சுங்கம் இருந்தால் கட்டிவிட்டு. சந்தைக்கு மாடு ஓட்டுகிறவனுக்கும் கொள்ளையடிக்க வருகிறவனுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமே!

இன்னொரு தடயமும் உண்டு. சுவருக்கு வடக்கே அகழி இருப்பது நியாயம். தெற்கேயும், அதாவது ரோமர்கள் ஆண்ட பக்கத்திலேயே, ஆறு மீட்டர் அகலத்தில் ஒரு பள்ளம் ஓடுகிறது. இரு கரையிலும் மண்மேடு. வாலம் என்கிறார்கள். படை நிற்கும் பகுதிக்குள் உள்ளூர்க்காரன் நினைத்தபடி நுழையக் கூடாது என்பதற்காகத்தான் என்று ஆய்வாளர்கள் பலர் நினைக்கிறார்கள். வடக்கில் இருப்பவன்மேல் எவ்வளவு சந்தேகமோ, தெற்கில் வரி கட்டுகிறவன்மேலும் அவ்வளவு சந்தேகம் இருந்திருக்கிறது.

பெர்லின் சுவரை இதற்கு முன்பே பார்த்திருக்கிறேன். பெர்னாவர் தெருவில் ஒரு துண்டை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். 1961 ஆகஸ்ட் 13 அன்று முள்கம்பியில் தொடங்கிய சுவர். பாசிசத்திலிருந்து காக்கும் அரண் என்பது கிழக்கு ஜெர்மனி அதற்குக் கொடுத்த பெயர். ஆனால் கண்காணிப்பெல்லாம் சொந்த மக்கள் தப்பிப் போகாமல் இருக்க. குறைந்தது 140 பேர் அங்கே உயிரிழந்தார்கள். சீனப் பெருஞ்சுவரிலோ கதை வேறு. மங்கோலியக் குதிரைப்படைக்குப் பயந்து மிங் அரசு கல்லும் செங்கல்லுமாக அடுக்கிக்கொண்டே போனது. கடைசியில் 1571இல் மங்கோலியத் தலைவர் அல்தான் கானோடு சமாதானமாகி, எல்லையோரம் குதிரைச் சந்தைகளைத் திறந்த பிறகுதான் அந்தப் பக்கம் கொஞ்சம் அமைதி வந்தது.

விண்டோலாண்டாவுக்குப் போகாமல் வராதீர்கள். சுவருக்குச் சற்றுத் தெற்கே, சுவருக்கு முன்பே இருந்த கோட்டை. 1973இல் ராபின் பர்லி தலைமையில் தோண்டியபோது ஈர மண்ணுக்குள்ளிருந்து அஞ்சலட்டை அளவில் மெல்லிய மரச் சீவல்கள் கிடைத்தன. மேலே மை எழுத்து. காற்றுப் புகாத சேறு என்பதால் மக்கவில்லை. பெரும்பாலானவை லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. இங்கேயும் சிலவற்றைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். ஒருவருக்குக் காலுறையும், இரண்டு ஜட்டியும் அனுப்பி வைத்த கடிதம் ஒன்று. மலைக்காற்றில் நின்றுவிட்டு வந்த எனக்கு அந்தக் காலுறையின் அருமை நன்றாகவே புரிந்தது. மாஸ்குலுஸ் என்கிற குதிரைப்படை அதிகாரி, 'வீரர்களுக்கு பீர் தீர்ந்துவிட்டது, அனுப்பச் சொல்லுங்கள்' என்று மேலதிகாரிக்கு எழுதுகிறார். ஏறக்குறைய கி.பி. 100இல் கிளாடியா செவேரா என்கிற தளபதி மனைவி, தோழி லெபிடினாவைச் செப்டம்பர் 11 அன்று தன் பிறந்தநாளுக்கு அழைக்கிறார். கடிதத்தை எழுத்தர் எழுத, கடைசி வரிகளை மட்டும் செவேரா தன் கையால் எழுதியிருக்கிறார். லத்தீனில் ஒரு பெண்ணின் கையெழுத்தாக நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழையவற்றில் அதுவும் ஒன்று.

சரி, நாலைந்து மீட்டர் சுவர் இடுப்பளவுக்கு வந்தது எப்படி? நிறையக் கற்களை ஊர்க்காரர்கள் எடுத்துப் போனார்கள். லேனர்காஸ்ட் மடம், தேர்ல்வால் கோட்டை எல்லாம் சுவர்க் கல்லில் எழுந்தவை. பதவியிழந்த ஸ்டூவர்ட் அரச குடும்பத்துக்காக ஸ்காட்லாந்தில் எழுந்த 1745 கிளர்ச்சியின்போது நியூகாசிலிலிருந்த அரசுப் படையால் மேற்கே கார்லைலுக்குச் சமயத்தில் போய்ச் சேர முடியவில்லை, ஒழுங்கான சாலை இல்லாததால். அதற்கப்புறம் சாலை போட்டபோது பல மைல் தூரத்துக்குச் சுவரையே இடித்து அடித்தளமாக்கிவிட்டார்கள். நாங்கள் பேருந்தில் வந்ததும் அந்தச் சாலை வழியாகத்தான். மிச்சம் நிற்பதற்கு முக்கியக் காரணம் 19ஆம் நூற்றாண்டில் ஜான் கிளேட்டன் என்கிற நியூகாசில் வழக்கறிஞர். சுவரோரப் பண்ணைகளை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கி, விழுந்த கற்களை ஆள் வைத்து மறுபடி அடுக்கினார். ஆகவே நாம் ரசித்துப் படமெடுக்கும் சுவரில் ஒரு பகுதி ரோமர் கல், விக்டோரியா காலத்துக் கை.

போகிறவர்களுக்கு: சுவரோரம் நடக்கக் கட்டணம் இல்லை, ஹவுஸ்டெட்ஸுக்கும் விண்டோலாண்டாவுக்கும் தனித்தனி நுழைவுச்சீட்டு, இரண்டையும் வேறு வேறு அமைப்புகள் நடத்துகின்றன. விண்டோலாண்டாவோடு ரோமப் படை அருங்காட்சியகத்துக்கும் சேர்த்து ஒரே சீட்டு வாங்கலாம். சுவரோரம் தனியாக நின்று பெயர்பெற்ற சைக்கமோர் மரத்தைத் தேடாதீர்கள். 2023 செப்டம்பரில் வெட்டிச் சாய்த்துவிட்டார்கள், அடிமரத்தில் துளிர் விட்டிருக்கிறது. ஏடி122 குளிர்காலத்தில் ஓடாமல் போகலாம், கிளம்புமுன் நேர அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சுவர் மேல் ஏறி நடக்காதீர்கள், கற்கள் சரிகின்றன. மாற்றுக் காலுறை கட்டாயம்.