அவருக்கு முன்னாலை ஆர்?

கடந்த மாசி மாதத்தில் சங்கச் செயலாளர் அனுப்பிய மின்னஞ்சலில் மாஸ்டரின் மறைவுச் செய்தியைக் கண்டேன். பெயரை எழுதத் தேவையில்லை; எழுபதுகளில் நமது கல்லூரியில் ஆங்கிலம் படித்தவர்களுக்கும் பாடகர் குழுவில் நின்றவர்களுக்கும் மாஸ்டர் என்றால் ஒருவர்தான். அவரைப் பற்றி இம்மலருக்கு எழுதித் தரும்படி கேட்கப்பட்டபோது, அவருடைய நற்குணங்களை வரிசைப்படுத்துவதைவிட, அவர் என்னிடம் கேட்ட ஒரு கேள்வியையும் அதற்கு விடை கொண்டுபோக எனக்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் பிடித்ததையும் சொல்வதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று தோன்றியது.

1971ஆம் ஆண்டு ஆங்கில தினத்துக்கான ஒத்திகை, வழக்கம்போல நாலாம் பாடத்துக்குப் பின்னர் மண்டபத்தில் நடந்தது. அண்ணரின் வானொலிப் பெட்டிக்கு அருகில் கொப்பியும் பென்சிலுமாக இருந்து, ஞாயிறு தோறும் ஒவ்வொரு வரியாகப் பிடித்து எழுதிய 'குட்நைட் ஐரீன்' என்ற பாட்டை நான் பாடினேன். அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸ் பாடியது. அவர் 1964இலேயே விமான விபத்தில் இறந்துவிட்டார் என்பதுகூட எனக்குத் தெரியாது. அந்த மென்மையான குரல் நம் ஊர் வீடுகளில் அவ்வளவு உயிரோடு ஒலித்துக்கொண்டிருந்த காலம் அது. இரண்டாம் சரணம் தொடங்குமுன் மாஸ்டர் கையை உயர்த்தினார்.

"இது ஆற்றை பாட்டு?"

"ஜிம் ரீவ்ஸ், சேர்."

"அவருக்கு முன்னாலை ஆர்?"

நான் பேசாமல் நின்றேன். "எங்கையிருந்து வந்ததெண்டு தெரியாத பாட்டை மேடையிலை பாடக் கூடாது. போய் இரு" என்றார். நூற்றுக்கு மேற்பட்ட மாணவர்கள் பார்த்திருக்க, மேடையின் பக்கப் படியால் இறங்கி, பின்வரிசை வாங்கில் போய் இருந்தேன். அன்று மாலையே 'முன்னாலை' என்பது எனக்குப் பட்டப்பெயராகிவிட்டது. அதன் பின்னர் அந்த மேடையில் நான் பாடவேயில்லை. மாஸ்டர் கடுமையாக நடந்துகொண்டார் என்றே பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். பதினான்கு வயதுப் பையனிடம் அப்படிக் கேட்டிருக்கத் தேவையில்லை என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் கேள்வி சரியான கேள்வி.

1984இல் லண்டனுக்கு வந்து, இரவு வேலையாகப் பெற்றோல் நிலையமொன்றில் நின்ற நாட்களில், பகல் நித்திரை வராதபோது போய் இருப்பதற்கு வாய்த்த இடம் நகரசபை நூலகம். அங்கே புத்தகங்களைப் போலவே இசைத்தட்டுகளையும் இரவல் தருவார்கள். 1976இல் அமெரிக்கக் கிற்றார்க் கலைஞர் ரை கூடர் வெளியிட்ட தட்டு ஒன்றை உறையின் அழகுக்காகவே எடுத்துப் போனேன். அதில் மெக்சிக்கோ எல்லைப்புறத்து அக்கோடியனோடு அதே பாட்டு வந்தது. ஜிம் ரீவ்ஸின் பட்டுப்போன்ற குரல் இல்லை. வெயிலில் காய்ந்த ஏதோ ஒன்று அதில் இருந்தது. தட்டின் நடுவில் ஒட்டியிருந்த தாளில், பாட்டின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன: லெட்பெட்டர், லோமக்ஸ். வாங்கில் போய் இருந்த நாள் அப்படியே கண்முன் வந்தது.

ஹடி லெட்பெட்டரை உலகம் லெட் பெலி என்று அறியும். லூசியானா மாநிலத்துக் கறுப்பின உழைப்பாளி; பன்னிரண்டு தந்திக் கிற்றாரை ஒரு முழு வாத்தியக் குழுவைப் போல முழங்க வைத்தவர். அவர் அதே மாநிலத்து அங்கோலாச் சிறைப் பண்ணையில் கைதியாக இருந்தபோது, 1933 யூலையில், நாட்டார் பாடல் சேகரிப்பாளரான ஜோன் லோமக்ஸ் தம்முடைய பதினெட்டு வயது மகன் அலனோடு அங்கே போனார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காகப் பாடல்களைத் தட்டில் நேரடியாக வெட்டிப் பதியும் கனத்த கருவியொன்றைக் காரில் ஏற்றிக்கொண்டு, தெற்கு மாநிலங்களின் சிறைகளைத் தேடி அலைந்த பயணம் அது. அங்கே லெட் பெலி பாடியவற்றுள் ஒன்று இந்த ஐரீன். அடுத்த ஆண்டு, விடுதலை கேட்டு ஆளுநருக்கு அவர் பாடிய விண்ணப்பப் பாட்டுத் தட்டின் மறுபக்கத்திலும் இதுவே இருந்தது. பாட்டைக் கேட்டு மனமிளகி ஆளுநர் விடுவித்தார் என்பது எல்லோரும் விரும்பிச் சொல்லும் கதை. உண்மையில் 1934 ஓகஸ்டில் அவர் வெளியே வந்தது நன்னடத்தைக்கான வழமையான தண்டனைக் குறைப்பினால்தான். 1925இல், ரெக்சாஸ் சிறையில் இருந்தபோது, பாடி மன்னிப்புப் பெற்றார் என்பது மெய். அந்த மெய்யின் நிழல்தான் பின்னைய கதையிலும் விழுந்திருக்கிறது.

அவர் பாடிய பழைய பதிவை முதன்முதலாகக் கேட்ட மத்தியானத்தை மறக்க முடியாது. தட்டு அடுப்பில் விறகு வெடிப்பது போலப் பொரிந்துகொண்டிருந்தது. அதனூடே வந்த குரல் காதலியைத் தாலாட்டவில்லை. பிரிந்துபோன மனைவியையும் ஆற்றில் குதித்துச் சாகும் நினைப்பையும் பற்றி, முறைப்பாடில்லாமல், மூன்று தட்டுத் தாளத்தில் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனது. நான் பதினான்கு வயதில் காதற்பாட்டு என்று நம்பி மனப்பாடம் செய்தது இதைத்தான்.

லெட் பெலி 1949 டிசம்பரில் நியூ யோர்க்கில் வறுமையில் இறந்தார். ஆறேழு மாதங்களில் பீற் சீகர் இடம்பெற்றிருந்த வீவர்ஸ் குழுவினர் அதே பாட்டைப் பாடினார்கள். அது 1950இல் பதின்மூன்று வாரங்கள் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் உச்சியில் இருந்தது. கனவில் உன்னை அடைவேன் என்றிருந்தது, கனவில் உன்னைக் காண்பேன் என்று மாறியது; மோர்பின் அருந்திச் சாவேன் என்ற வரி காணாமற்போனது. அதே ஆண்டில் ஏர்னஸ்ற் ரப்பும் ரெட் ஃபோலியும் சேர்ந்து பாடி அதை அமெரிக்கக் கிராமப்புறத்து இசையான கன்ட்ரிக்குள் கொண்டுவந்தார்கள். 1958இல் ஜிம் ரீவ்ஸ் அதைப் பாடினார். அங்கிருந்துதான் அது நம் வானொலிக்கு வந்து, என் கொப்பிக்கு வந்து சேர்ந்தது. பதிவுக் கருவியைக் கொண்டுபோன ஜோன் லோமக்ஸின் பெயர் பாட்டின் உரிமையில் பாதியாக நிற்பதை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கேட்டவனும் பாடியவனும் சமபங்காளிகள் அல்லர்.

இந்த அநீதி ஒரு பாட்டோடு நின்றதுமல்ல. கன்ட்ரி இசையின் முதற்குடும்பம் எனப் போற்றப்படும் காட்டர் குடும்பத்தினர் 1927இல் பிறிஸ்ரல் நகரில் முதற்பதிவைச் செய்த பின்னர், புதிய பாடல்கள் தேடி ஏ. பி. காட்டர் மலைக் கிராமங்கள் தோறும் போனபோது, கூடப் போனவர் லெஸ்லி றிடில் என்ற, ஒரு காலை இழந்த கறுப்பினக் கிற்றார்க் கலைஞர். காட்டர் சொற்களை எழுதிக்கொள்வார். மெட்டை மனத்தில் வாங்கி வருவது றிடிலின் வேலை. இசைத்தட்டுகளில் அவருடைய பெயர் இல்லை. வெள்ளைக்கார மலைநாட்டு இசையின் அடையாளமாகப் படங்களில் வரும் பான்ஜோ வாத்தியமோ, மேற்கு ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சுரைக்குடுக்கை வாத்தியத்தின் வழி வந்தது. இவற்றை அறிந்த பின்னர், 1965இல் அமெரிக்க ரொக் இசைக் குழுவான பேர்ட்ஸ் குழுவினரின் மின்கிற்றாரில் பன்னிரண்டு தந்தி மினுங்கும்போதெல்லாம், அந்த வாத்தியத்தை அவர்களுக்கு முன்னரே முழங்க வைத்த அங்கோலாக் கைதியின் விரல்களே எனக்கு நினைவில் வந்தன.

லெட் பெலி இந்தப் பாட்டைத் தம் சிறிய தந்தையிடம் கற்றதாகச் சொல்லியிருந்தார். அத்தோடு வழி முடிந்துவிட்டதென்றே நினைத்தேன். 1992இல் வெளிவந்த அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் படித்தபோதுதான், அதற்கும் முன்னால் ஒருவர் இருந்தது தெரிந்தது. கஸி டேவிஸ் என்ற கறுப்பினப் பாடலாசிரியர் 1886இலேயே ஐரீனுக்கு இரவு வணக்கம் சொல்லும் பாட்டொன்றை அச்சில் வெளியிட்டிருக்கிறார். 1863இல் ஒஹாயோவில் பிறந்தவர். நிறத்தின் காரணமாகச் சின்சினாட்டி நகரின் இசைக் கல்லூரியொன்று அவரைச் சேர்க்க மறுத்தபோது, அங்கேயே கூட்டித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்து, குறைந்த கூலிக்கு ஈடாகத் தனிப்பாடம் கேட்டுக் கற்றார். முப்பத்தைந்து வயதில் இறந்துபோனார்.

போர் நின்றிருந்த சமாதானக் காலத்தில், 2003 ஆடியில், வடக்கே போகும் ஏ-9 பாதையால் ஊருக்குப் போனபோது ஒரு ஒலிநாடாவில் லெட் பெலியைப் பதிந்து எடுத்துப் போனேன். மாஸ்டர் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். கண் மங்கியிருந்தது, காது கூர்மையாக இருந்தது. ஆங்கில தினச் சம்பவம் அவருக்கு நினைவேயில்லை. "நான் அப்பிடிச் சொன்னனானோ?" என்று வருத்தத்தோடு கேட்டார். ஒலிநாடா ஓடத் தொடங்கியதும் அவருடைய விரல்கள் கதிரையின் கைப்பிடியில் மூன்று தட்டாகப் போடத் தொடங்கின. முடிந்ததும் திருப்பிப் போடச் சொன்னார். சிறைச்சாலையையும் சிறிய தந்தையையும் 1886ஐயும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு, "அச்சிலை இருந்த பாட்டை அந்தச் சிறிய தகப்பனின்ரை வாயிலை கொண்டுபோய் வைச்சவர் ஆர்?" என்றார். இருவரும் சிரித்தோம். சிரித்து ஓய்ந்ததும், "சரி தம்பி, இப்ப பாடு" என்றார்.

படலையடியில் வான்காரர் கோர்ன் அடித்துக்கொண்டிருந்தார். முகமாலைச் சோதனைச்சாவடி மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும். தொண்டையும் பழக்கம் விட்டுப் போயிருந்தது. "அடுத்த முறை வரேக்கை பாடுறன், சேர்" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, ஒலிநாடாவைக் கேட்டு வாங்கிச் சேர்ட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

2006 ஓகஸ்டில் பாதை மூடப்பட்டது. போர் முடிந்து அது மீண்டும் திறக்கப்பட்ட பின்னர் எத்தனையோ கோடை விடுமுறைகள் வந்து போயின. நான் போகவில்லை. அதற்கு யுத்தத்தைக் காரணம் காட்ட முடியாது.